மூழ்கும் கம்பெனியின் பங்கும் முஃமினின் பொருளீட்டலும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார்கள், தோழர்கள் மீதும், அவர்தம் அடிச்சுவட்டில் நடக்கும் நல்லடியார்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

அன்பிற்கினிய சகோதரர்களே! கண்ணியமிக்க பெரியோர்களே! எனக்கும் உங்களுக்கும் முதற்கண் அல்லாஹ்வை அஞ்சி வாழும் தக்வாவை வலியுறுத்துகின்றேன். தக்வா என்பது தொழுகை விரிப்பில் மட்டும் வெளிப்படுவதன்று. கடைத்தெருவிலும் கொடுக்கல் வாங்கலிலும்தான் அதன் உண்மையான எடை தெரியவரும்.

கியாமத் நாளில் சில கேள்விகளுக்கு விடை சொல்லாதவரை ஆதமின் மகனுடைய பாதங்கள் நகரமாட்டா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஆயுளைப் பற்றி ஒரு கேள்வி. கற்ற கல்வியைப் பற்றி ஒரு கேள்வி. ஆனால் செல்வத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகள்: எவ்வழியில் ஈட்டினாய்? எவ்வழியில் செலவிட்டாய்? இந்த இரு கேள்விகளையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, நம் வீடுகளுக்குள் ஓசையின்றி நுழைந்துவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முன்பு பங்குச் சந்தை என்பது மும்பையில் எங்கோ நடக்கும் பணக்காரர்களின் விவகாரமாக இருந்தது. இன்று அது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கல்லூரி மாணவர், கடை ஊழியர், வளைகுடாவில் உழைப்பவர் என எல்லோரும் சில நிமிடங்களில் கணக்கைத் திறந்து பங்கு வாங்கிவிட முடிகிறது. அவர்களில் பலரை ஈர்ப்பது நல்ல முறையில் நடக்கும் கம்பெனிகளின் பங்குகள் அல்ல. ஒரு காலத்தில் பல நூறு ரூபாய்க்கு விற்று, இன்று கடனில் மூழ்கி, ஐந்துக்கும் பத்துக்கும் இறங்கி நிற்கின்ற கம்பெனிகளின் பங்குகளே அவர்களைக் கவர்கின்றன. "ஐந்து ரூபாய்ப் பங்கு பத்து ரூபாயானால் பணம் இரட்டிப்பாகுமே! நான்கு நாள் வைத்திருந்து விற்றுவிட்டால் போதுமே!" என்ற ஆசைதான் காரணம். இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும்? இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது?

திருமறை காட்டும் எல்லை

அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஈமான் கொண்டோரை அழைத்து, உங்கள் பொருள்களை உங்களுக்கிடையே தவறான முறையில் உண்ணாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கின்றான். இருதரப்பும் மனமொப்பிச் செய்யும் வணிகத்தை மட்டும் அதிலிருந்து விலக்கி அனுமதிக்கின்றான். அதே வசனத்தில், உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்றும் கூறி, தான் உங்கள் மீது கருணையுடையவன் என்று முடிக்கின்றான்.

பொருளைப் பற்றிய கட்டளையும் உயிரைப் பற்றிய கட்டளையும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பதைக் கவனித்தீர்களா? முறைகேடான பொருளீட்டல் மனிதனை எந்த விளிம்புக்குத் தள்ளும் என்பதைப் படைத்தவன் அறிவான். கடனில் வாங்கிச் சூதில் இழந்து, முகம் காட்ட வெட்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இந்த வசனத்தின் ஆழம் நமக்குப் புரிகின்றது.

மனமொப்புதல் என்பது வெறும் சம்மதம் அன்று. எதை வாங்குகிறோம் என்று வாங்குபவரும், எதை விற்கிறோம் என்று விற்பவரும் அறிந்திருந்தால்தான் அது ஒப்புதல். அதனால்தான் கல்லெறிந்து தீர்மானிக்கும் வணிகத்தையும், 'ஃகரர்' எனப்படும் நிச்சயமற்ற தன்மை மிகுந்த வணிகத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் என அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

பங்கு என்பது என்ன?

சகோதரர்களே! பங்கு என்பது திரையில் ஏறி இறங்கும் ஓர் எண் அன்று. ஒரு தொழிலில் நாம் பெறுகின்ற கூட்டுரிமை அது. தொழிற்கூடம், இயந்திரம், சரக்கு, வரவேண்டிய தொகை ஆகியவற்றில் நமக்கும் ஒரு சிறு உரிமை உண்டு என்பதே அதன் பொருள். ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியில் இவ்வாறு கூட்டாளியாவதைப் பெரும்பாலான இக்கால மார்க்க அறிஞர்கள் நிபந்தனைகளுடன் அனுமதிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

இப்போது கடனில் மூழ்கிய கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து நூறு கோடி, கடன் முந்நூறு கோடி என்றால் பங்குதாரருக்கு அங்கே என்ன இருக்கின்றது? நம் நாட்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016 இதற்குத் தெளிவான வரிசையை வகுத்துள்ளது. கம்பெனி கலைக்கப்பட்டால் முதலில் அந்த நடவடிக்கைக்கான செலவு எடுக்கப்படும். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் பாக்கியும் தீர்க்கப்படும். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அதன் பின் ஈடின்றிக் கடன் கொடுத்தவர்கள், அரசாங்கத்தின் பாக்கி, ஏனைய கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள் என்று வரிசை நீளும். கட்டக் கடைசியில், எல்லோரும் எடுத்துக்கொண்டு ஏதேனும் மிஞ்சினால்தான் சாதாரணப் பங்குதாரருக்குக் கிடைக்கும்.

முன்னால் நிற்பவர்களின் கடனே தீராதபோது கடைசியில் நிற்பவருக்கு மிஞ்சுவது என்ன? அந்தப் பங்கை ஐந்து ரூபாய்க்கு வாங்குபவர் எந்தச் சொத்தை வாங்குகிறார்? தமக்குப் பின்னால் ஒருவர் வந்து ஆறு ரூபாய் தருவார் என்ற எதிர்பார்ப்பை மட்டுமே வாங்குகிறார். தொழிலின் வளர்ச்சியிலிருந்து அல்லாமல், அடுத்தவரின் அறியாமையிலிருந்து வரும் அந்த ஒரு ரூபாயைச் சுத்தமான வணிக இலாபம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பறக்காத விமானம், பறந்த விலை

நடந்த ஒரு நிகழ்வைப் பாருங்கள். 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் நம் நாட்டின் முன்னணி விமான நிறுவனங்களில் ஒன்றாக விளங்கியது. 2005இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 1,100 ரூபாய். பின்னர் கடன் பெருகியது. வங்கிகளுக்கு மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி. 2019 ஏப்ரல் 17 அன்று அதன் கடைசி விமானம் தரையிறங்கியது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றி நின்றனர்.

விமானம் நின்றது, ஆனால் பங்கு வியாபாரம் நிற்கவில்லை. அந்தக் கம்பெனியின் திவால் வழக்கு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் 2019 ஜூன் 20 அன்று விசாரணைக்கு ஏற்கப்பட்டது. அந்த ஒரே நாளில் 33 ரூபாயளவில் இருந்த பங்கு 64 ரூபாய்க்கு உயர்ந்தது! ஒரு விமானமும் பறக்கவில்லை, ஒரு பயணியும் ஏறவில்லை, ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. பிறகு விலை ஏன் இரட்டிப்பானது? ஊகம் ஒன்றே காரணம். விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்களும் ஏறும் என்று பந்தயம் கட்டியவர்களும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டதில் எழுந்த அலை அது. இந்தக் கொந்தளிப்பைக் கண்ட பங்குச் சந்தை நிர்வாகமே, அன்றைக்கு வாங்கி அன்றைக்கே விற்கும் வியாபாரத்தை 2019 ஜூன் 28 முதல் அந்தப் பங்கில் நிறுத்தியது.

முடிவு என்னவாயிற்று? மீட்புத் திட்டங்கள் வந்தன, வழக்குகள் நீண்டன. "மீண்டும் பறக்கும்" என்ற ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகச் சிலர் பங்கு வாங்கினர். கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று அந்தக் கம்பெனியைக் கலைத்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஜூன் 20 அன்று வாங்கி அன்றே விற்று இலாபம் பார்த்தவர்கள் இருக்கலாம். அவர்களிடமிருந்து 64 ரூபாய்க்கு வாங்கியவரும் ஒரு மனிதர்தாம்; அவருக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடியில் நனைந்த தானியம்

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் தம் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி கூறியபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். (முஸ்லிம்)

தானியக் குவியலில் கையை நுழைத்துப் பார்க்கலாம். கம்பெனியின் கணக்கு ஏட்டில் நீங்களும் நானும் கையை நுழைக்க முடியுமா? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தரமான கம்பெனி என்று பெயரெடுத்து, விருதுகளும் பெற்றிருந்த நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே, பல ஆண்டுகளாகக் கணக்கில் பொய் எழுதியதாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். இருப்பில் இருப்பதாகக் காட்டப்பட்ட பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. முந்தைய வணிக நாளில் 179 ரூபாயளவில் இருந்த பங்கு அன்று மாலைக்குள் 40 ரூபாய்க்குக் கீழே சரிந்தது. நல்ல நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட கம்பெனியின் குவியலுக்கு அடியிலேயே இவ்வளவு ஈரம் என்றால், வெளிப்படையாகவே நனைந்து நாறும் குவியலை நான்கு நாள் இலாபத்திற்காக வாங்குவதை என்னென்பது?

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி நலிவுற்றபோது, 2020 நவம்பர் 17 அன்று அதன் மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அதை டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கும் வரைவுத் திட்டத்தை ரிசர்வ் வங்கி அன்றே வெளியிட்டது. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்படும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பின்னரும் அந்தப் பங்குகள் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தன. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று இணைப்பு நடந்தது. வைப்புத்தொகை போட்டவர்களின் பணம் காக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வட்டியையே தொழிலாகக் கொண்ட வங்கியின் பங்கை, அது செழித்தாலும் நலிந்தாலும், முஸ்லிம் தொடலாகாது என்பது தனிச் செய்தி. வட்டி உண்பவரையும் கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சி நிற்பவர்களையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள். (முஸ்லிம்) இங்கே நாம் பெற வேண்டிய பாடம் வேறு: விலை மலிவு என்பது மதிப்பு உண்டு என்பதற்கு அத்தாட்சியாகாது. பூஜ்யமாகப் போகிற பொருளை ஐந்து ரூபாய்க்கு வாங்கினாலும் அது விலை கூடிய பொருளே.

கைக்கு வராத பொருளை விற்பது

அன்பர்களே! குறுகிய கால வியாபாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். (திர்மிதீ, அபூதாவூத்) உணவுப் பொருளை வாங்கியவர் அதைக் கைப்பற்றும் முன் விற்பதையும் தடுத்தார்கள். (புகாரி, முஸ்லிம்) கைக்கு வந்து, அதன் நட்டப் பொறுப்பு நம் மேல் வந்த பிறகே இலாபம் பெறும் தகுதி வருகின்றது என்பது ஃபிக்ஹின் அடிப்படை.

நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் 2023 ஜனவரி 27 முதல், வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் கணக்கில் வந்து சேரும் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்பவரின் டிமேட் கணக்கிற்கு அந்தப் பங்கு வருவதே இல்லை. ஏற்ற இறக்கத்தின் வித்தியாசத் தொகை மட்டுமே வரவு அல்லது பற்று வைக்கப்படுகின்றது. பொருள் கைமாறாமல் வித்தியாசம் மட்டும் கைமாறும் இந்த முறையை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இதில் மாற்றுக் கருத்துடையோர் உண்டு என்றாலும், சந்தேகமானவற்றைத் தவிர்த்தவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற நபிமொழி (புகாரி, முஸ்லிம்) நமக்குப் போதுமான வழிகாட்டியாகும்.

தரகு நிறுவனத்திடம் வட்டிக்குக் கடன் பெற்றுப் பங்கு வாங்குவதும், கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுப் பிறகு வாங்கி ஈடுகட்டுவதும் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் நடந்த தன் ஏழாவது அமர்வில் தீர்மானித்துள்ளது. கடன் மிகுந்த கம்பெனிகளுக்கு அறிஞர்கள் வகுத்த அளவுகோலும் இருக்கின்றது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி அமைப்பின் ஷரீஆ விதிகளின்படி, கம்பெனியின் வட்டிக் கடன் அதன் மொத்தப் பங்குச் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடனில் தத்தளிக்கும் கம்பெனியின் பங்கு விலை வீழும்போது இந்த அளவு தானாகவே மீறப்பட்டுவிடும். ஆக, மூழ்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த முதல் சோதனையிலேயே தோற்றுவிடுகின்றன.

உலக நோக்கில் பார்த்தாலும் இது நட்டமே. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில், பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நட்டமடைந்தனர். 30 வயதிற்குக் குறைந்தவர்களில் 76 விழுக்காட்டினர் நட்டத்தையே கண்டனர். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் 80 விழுக்காட்டினர் இழந்தனர். அதிகம் ஓடினால் அதிகம் ஈட்டலாம் என்பது இங்கே தலைகீழாகிவிட்டது.

நலிந்த கம்பெனிகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஒரு நாளில் விலை இவ்வளவுதான் இறங்கலாம் என்ற வரம்பு பல பங்குகளுக்கு உண்டு. கெட்ட செய்தி வந்தால் சந்தை திறந்த உடனேயே விலை அந்தக் கீழ்வரம்பைத் தொட்டுவிடும். விற்பதற்கு ஆயிரம் பேர் நிற்பார்கள். வாங்குவதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். மறுநாளும் அதே கதை. "நட்டம் வந்தால் உடனே விற்று வெளியேறிவிடுவேன்" என்பவருக்கு வெளியேறும் வாசலே அடைபட்டிருக்கும்.

விலையை ஏற்றிவிடும் விரல்கள்

வாங்கும் எண்ணமின்றிப் பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள். (புகாரி, முஸ்லிம்) அன்று சந்தையில் ஒருவர் நின்று குரல் கொடுத்தார். இன்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் அந்தக் குரல் கேட்கின்றது. "இந்தக் கம்பெனியைப் பெரிய முதலாளி வாங்கப் போகிறார், திங்கட்கிழமை விலை ஏறும்" என்பார்கள். சொல்பவர் முன்னமே மலிவில் வாங்கி வைத்திருப்பார். நீங்கள் வாங்கும்போது அவர் உங்களுக்கே விற்று வெளியேறுவார். யூடியூபில் பொய்ச் செய்தி பரப்பிச் சிறு கம்பெனியின் பங்கு விலையை ஏற்றியதாக 2023 மார்ச்சில் செபி பலர் மீது தடை உத்தரவு பிறப்பித்தது நினைவிருக்கலாம். உறுதி தெரியாத இத்தகைய செய்தியை வாசகர்களாகிய நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பிவைத்தால், அந்த நஜ்ஷில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்துவிடும் என்று அஞ்சுங்கள்.

"வணிகத்தில் நட்டம் இயல்புதானே?"

சிலர் கேட்கலாம்: "என் சொந்தப் பணம், நானே துணிந்து போடுகிறேன். எந்த வியாபாரத்தில் நட்டம் இல்லை? நலிந்த கம்பெனி மீண்டு வந்ததே இல்லையா?" நியாயமான கேள்விதான். இஸ்லாம் துணிவை வெறுக்கவில்லை. நட்டப் பொறுப்பை ஏற்பவருக்கே இலாபம் உரியது என்பது ஷரீஅத்தின் விதி. கடையைத் திறப்பவரும் நிலத்தில் விதைப்பவரும் இடரை ஏற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் உழைப்பில் ஒரு பொருள் விளைகின்றது. ஒரு தேவை நிறைவேறுகின்றது. இருவரும் பயனடையும் வாய்ப்பு அங்கே உண்டு. அடிப்படையில் ஒன்றுமே மிஞ்சாத பங்கைச் சில நாட்களுக்கு வாங்கி விற்பதில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போகின்றது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆக வேண்டும் என்ற நிலை சூதாட்டத்திற்கு மிக அருகிலானது. மதுவோடு சூதையும் ஷைத்தானின் அசுத்தச் செயல் என்றும், அதைக்கொண்டு அவன் உங்களிடையே பகையை மூட்டி, இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்க நாடுகின்றான் என்றும் அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் எச்சரிப்பதை நினைவுகூருங்கள். லுஹர் தொழுகையின் ஸஜ்தாவிலும் பங்கு விலை கண்முன் ஓடுகின்றதென்றால் அந்த எச்சரிக்கை யாருக்கு?

மீண்ட கம்பெனிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி மீள்வது வேறு, பழைய பங்குதாரர் மீள்வது வேறு. திவாலான ருச்சி சோயா நிறுவனம் புதிய உரிமையாளரிடம் போய் 2020 ஜனவரியில் மீண்டும் சந்தைக்கு வந்தபோது, பழைய பங்குதாரர் வைத்திருந்த 100 பங்குகள் ஒரே ஒரு பங்காகக் குறைக்கப்பட்டிருந்தன. பின்னர் அதன் விலை விண்ணைத் தொட்டதைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அப்போது பொதுமக்கள் கையிலிருந்தது மொத்தப் பங்கில் ஒரு விழுக்காடு கூட இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள்.

"தவக்குல் வைத்து வாங்கினேன்" என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். (திர்மிதீ) ஓடத்தின் ஓட்டையைக் கண்ணால் கண்ட பிறகும் ஏறி அமர்வது தவக்குல் ஆகாது.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

முதலீடு செய்ய விரும்பும் சகோதரர்கள் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இந்தக் கம்பெனி செய்யும் தொழில் ஹலாலானதா? அதன் கடன் எவ்வளவு? அதன் மீது திவால் வழக்கு உண்டா? ஜி.எஸ்.எம்., ஏ.எஸ்.எம். என்ற பெயர்களில் பங்குச் சந்தைகள் வெளியிடும் கண்காணிப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கின்றதா? இவை எல்லாம் சந்தைகளின் இணையத்தளங்களிலேயே இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவை. பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். அப்போதும் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மார்க்க விஷயத்தில் ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிமை அணுகுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இது யாருடைய பணம் என்று கேளுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்த பணமா? பெற்றோரின் ஹஜ் சேமிப்பா? வெளிநாட்டிலிருந்து அண்ணன் வீடு கட்ட அனுப்பிய தொகையா? அப்படியானால் அது உங்கள் கையில் உள்ள அமானிதம். அமானிதத்தைப் பந்தயமாக வைக்க உங்களுக்கு உரிமையில்லை. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்பித்ததையும் (புகாரி, முஸ்லிம்) எண்ணிப் பாருங்கள்.

இழந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை

இதை வாசிப்பவர்களில் ஏற்கெனவே இழந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர் இருக்கலாம். சகோதரரே! முதலில் நிறுத்துங்கள். போனதை மீட்கிறேன் என்று மேலும் கடன் வாங்காதீர்கள். குழி தோண்டுவதை நிறுத்தினால்தான் மேலே ஏறும் வழி தெரியும். வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். முதல் நாள் கோபப்படுவார்கள். ஆனால் மறைத்துச் சுமக்கும் பாரத்தைவிட அந்தக் கோபம் இலேசானது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஷஹீதின் பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற நபிமொழியை (முஸ்லிம்) நினைத்து, சிறுகச் சிறுகவேனும் அடைக்கத் தொடங்குங்கள். நாம் முதலில் ஓதிய வசனத்தின் முடிவை மறவாதீர்கள்: உங்களை மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்றவன், தான் உங்கள் மீது கருணையுடையவன் என்றே முடிக்கின்றான். பணம் போயிற்று; அல்லாஹ்வின் ரஹ்மத் போய்விடவில்லை.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், தள்ளுபடி செய்வது அதனினும் மேலென்றும் அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தில் கூறுகின்றான். ஜமாஅத் பெரியவர்களே! இத்தகைய பிள்ளைகளைப் பழித்து ஒதுக்காதீர்கள். அழைத்துப் பேசுங்கள்; கடன்காரரோடு சமாதானம் செய்து வையுங்கள்; ஹலாலான வேலைக்கு வழிகாட்டுங்கள். ஒரு குடும்பம் முறிந்து போகாமல் காப்பது எவ்வளவு பெரிய நன்மை!

அருமைச் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சுபவருக்கு அவன் ஒரு வழியை ஏற்படுத்தி, அவர் எண்ணிப் பார்க்காத புறத்திலிருந்து ரிஸ்கை அளிப்பதாக அத்தலாக் அத்தியாயத்தில் வாக்களித்துள்ளான். அந்த வாக்கு நமக்கு இருக்கும்போது, மூழ்கும் கப்பலின் உடைந்த பலகைக்காக நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? குறைவாக வந்தாலும் ஹலாலாக வருவதில் பரக்கத் இருக்கின்றது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவாயாக! வட்டியை விட்டும், சூதை விட்டும், பேராசையை விட்டும் எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! கடனில் தவிப்போரின் கடனைத் தீர்த்து, அவர்தம் இல்லங்களில் நிம்மதியைத் தருவாயாக! செல்வத்தைப் பற்றிய அந்த இரு கேள்விகளுக்கும் தலைநிமிர்ந்து விடை சொல்லும் நற்பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.